முன்னப்பின்ன எவ்வளவு?

ஒரத்தநாட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பணியாற்றும் கணித ஆசிரியை கடிதம் எழுதியிருக்கிறார். பத்தாம் வகுப்பில் 'புள்ளியியலும் நிகழ்தகவும்' பாடத்தை நடத்தி முடித்துவிட்டார். பிள்ளைகள் திட்ட விலக்கத்தை இரண்டு தசம இடம் வரை பிசகாமல் போடுகிறார்கள். ஒரு நாள் கரும்பலகையில் இருந்த விடையைக் காட்டி, "இந்த 4.27 நமக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டிருக்கிறார். வகுப்பில் சத்தமே இல்லை. கடைசியில் ஒரு பெண் எழுந்து, "அது விடை டீச்சர்" என்றாளாம். "இவர்களுக்கு நிச்சயமின்மையை எப்படிப் புரியவைப்பது, எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்கிறார்.

அந்தப் பெண்ணின் வீட்டுத் திண்ணையிலிருந்து தொடங்குங்கள் என்பேன். வயலைப் பார்த்துவிட்டு வருகிற தாத்தாவிடம், "இந்த வருசம் எவ்வளவு காணும்?" என்று கேட்டால் என்ன சொல்கிறார்? "ஒரு மா நிலத்துக்குப் பத்து மூட்டை காணும், முன்னப்பின்ன." இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. பத்து மூட்டை ஒன்று, முன்னப்பின்ன மற்றொன்று. பாடப்புத்தகம் முதலாவதைச் சராசரி என்கிறது, இரண்டாவதை அளக்கத்தான் திட்ட விலக்கத்தைக் கொண்டுவருகிறது. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த ஒரு சொல்லுக்கு உரிய கணக்குதான் அது என்று நாம் பிள்ளைகளிடம் சொல்லவே இல்லை.

தாத்தாவை இன்னும் கொஞ்சம் நெருக்கிக் கேட்கச் சொல்லுங்கள். "முன்னப்பின்னன்னா எவ்வளவு தாத்தா? எட்டுக்குக் கீழ போவுமா?" அவர் யோசிப்பார். "எட்டுக்குக் கீழ போவாது. தண்ணி நின்னு அழுவிப்போன வருசம் மட்டும் ஆறு கண்டுது. பன்னண்டு வந்தா பெரிசு." இவ்வளவுதான். ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை, எல்லை மீறிய ஆண்டு, அதற்கான காரணம் எல்லாம் வந்துவிட்டன. நான் முப்பது ஆண்டுகள் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன். முதுகலை மாணவர் பலர் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

காசையும் பகடையையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். காசில் பாதிக்குப் பாதி என்பது முன்கூட்டியே தெரிந்த செய்தி. வயல் அப்படி எதையும் முன்கூட்டிச் சொல்லாது. சீட்டுக்கட்டு இன்னும் மோசம். நம் ஊர் வீடுகளில் பிள்ளை சீட்டைத் தொட்டாலே அடி விழும், அந்தப் பிள்ளையிடம் போய் ஸ்பேடு எத்தனை, ஆர்ட்டின் எத்தனை என்று கேட்கிறோம். தேர்வுக்கு அது வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நிச்சயமின்மை என்ற எண்ணம் மனத்தில் ஊன்றிய பிறகு காசும் பகடையும் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

முதல் வகுப்பில் சூத்திரமே வேண்டாம். பத்துக் கேள்விகள் கேளுங்கள். விடை தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கீழ் எண், ஒரு மேல் எண் எழுதச் சொல்லுங்கள். பத்தில் ஒன்பது முறையாவது உண்மையான விடை அந்த இரண்டு எண்களுக்குள் அகப்பட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு எத்தனை டி.எம்.சி.? ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய ஆண்டு எது? இந்த மேசை எத்தனை கிலோ? ஒரு கைப்பிடி நெல்லில் எத்தனை மணி? விடைகளைச் சொல்லும்போது (முதலாவது 93.47, இரண்டாவது 1922, மற்றவற்றை அங்கேயே நிறுத்தும் எண்ணியும் பாருங்கள்) எத்தனை அகப்பட்டன என்று அவரவர் எண்ணட்டும். ஒன்பது அகப்பட்டவர்கள் அரிதாகவே இருப்பார்கள். நாலு, ஐந்துதான் பலருக்கு. நான் ஆசிரியர் பயிற்சிகளில் செய்து பார்த்தபோதும் அப்படித்தான் வந்தது. தெரிந்ததைவிடக் கூடுதலாகத் தெரியும் என்று நாம் நம்புகிறோம் என்பதைப் பிள்ளை தன் நோட்டிலேயே கண்டுகொள்கிறது. ஒரு மாதம் கழித்து வேறு பத்துக் கேள்விகள் கேளுங்கள். இடைவெளி கொஞ்சம் அகன்றிருக்கும். கற்றது அதில் தெரியும்.

அடுத்தது வயல். டெல்டாவில் புள்ளியியல் நடத்துகிறவருக்குக் கிடைத்திருக்கும் பெரிய கொடை பயிர் அறுவடைப் பரிசோதனை. நம் பள்ளிகள் அதைத் தொடுவதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பயிர்க் காப்பீட்டு இழப்பீடு உங்கள் ஊருக்கு வருமா வராதா என்பதை எது தீர்மானிக்கிறது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். அரசாங்கம், பேங்க், கம்பெனி என்று பதில் வரும். உண்மையில் அதன் அடித்தளம் ஒரு சிறிய சதுரம். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுகிறார்கள். 2016இல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல்லுக்கு நம் மாநிலத்தில் வருவாய்க் கிராமமே அலகு. கிராம அளவில் முக்கியப் பயிருக்குக் குறைந்தது நான்கு பரிசோதனை நடக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. அந்த நான்கின் சராசரியைக் கிராமத்தின் உத்தரவாத விளைச்சலோடு ஒப்பிட்டு, குறைந்தால் குறைந்த விகிதத்துக்கு இழப்பீடு. அண்மை ஆண்டுகளில் செயற்கைக்கோள் வழி மதிப்பீட்டையும் இதோடு கலக்கும் முறை வந்திருக்கிறது. அதற்கும் அதன் முன்னப்பின்ன உண்டு.

கணக்கைப் பலகையில் போடுங்கள். சதுரம் 25 சதுர மீட்டர். எக்டேர் 10,000 சதுர மீட்டர். ஆகவே 400ஆல் பெருக்க வேண்டும். தராசில் 100 கிராம் பிசகினால் எக்டேருக்கு 40 கிலோ பிசகும். இதை முதலில் மனத்தில் பதிய விடுங்கள். பிறகு ஒரு கற்பனைக் கிராமம். நான்கு சதுரங்களில் 9.2, 12.6, 14.1, 10.5 கிலோ கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 11.6 கிலோ, எக்டேருக்கு 4,640. உத்தரவாத விளைச்சல் 4,800 என்றால் 160 கிலோ குறைவு, காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு மூன்றேகால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாக வரும். இப்போது கேளுங்கள்: 9.2 கிலோ கண்ட அந்த வயலுக்குப் பதில் பக்கத்து வயலின் சர்வே எண் விழுந்து, அங்கே 13.5 கிலோ கண்டிருந்தால்? சராசரி 5,070 ஆகிவிடும். ஊருக்கே ஒரு காசு வராது.

வகுப்பு நிமிர்ந்து உட்காரும் நேரம் இதுதான். "அப்ப அது நியாயமா டீச்சர்?" என்று ஒருவன் கேட்பான். உடனே பதில் சொல்லாதீர்கள். அந்த நான்கு எண்களுக்குத் திட்ட விலக்கம் போடச் சொல்லுங்கள். இவை ஊர் முழுவதும் அல்ல, அதன் ஒரு கூறு (மாதிரி) மட்டுமே என்பதால் நான்கால் வகுக்காமல் மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 2.18 கிலோ வரும். நான்கின் வர்க்கமூலமான இரண்டால் அதை வகுத்தால் 1.09. இதைத்தான் மேல் வகுப்பில் திட்டப் பிழை என்கிறார்கள். எக்டேருக்கு ஏறத்தாழ 435 கிலோ. நாம் பேசிக்கொண்டிருந்த குறைவோ 160 கிலோ. அளவுகோலின் ஆட்டம் அளக்கவேண்டிய வித்தியாசத்தைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் இருக்கிறது. 4.27 என்ன சொல்கிறது என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் இந்த இடத்தில்தான் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். திட்ட விலக்கம் தனியாக நின்றால் விடை மட்டும்தான். ஒரு முடிவின் பக்கத்தில் நிறுத்தினால் பேசும்.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று யாராவது நடுவில் சொல்வார்கள். நல்ல வாய்ப்பு, விட்டுவிடாதீர்கள். பானையில் நீர் கொதித்துப் புரள்கிறது, அரிசி எல்லாம் ஒரே சூட்டில் வேகிறது, அதனால் ஒரு சோறு போதும். வயல் கொதிப்பதில்லை. தலைமடைக்கு ஒரு தண்ணீர், கடைமடைக்கு ஒரு தண்ணீர். ஒரு பங்காளி உரம் போட்டிருப்பார், மற்றவர் போட்டிருக்க மாட்டார். பழமொழி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று பிள்ளைகளையே பேசவிட்டால் கூறெடுப்பின் அடிப்படை பாதி முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு குடம் வேண்டும். போன சம்பாவில் தங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ மாவுக்கு எத்தனை மூட்டை கண்டுமுதல் என்று ஒவ்வொரு பிள்ளையும் கேட்டு வரட்டும். நாற்பது பிள்ளைகள், நாற்பது சீட்டு. குடத்தில் போட்டுக் குலுக்குங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், குடவோலையை ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்த ஏற்பாட்டைப் பார்க்கிறோம். எடுக்கிறவனுக்குச் சீட்டைப் பற்றி எதுவும் தெரியக்கூடாது என்ற அக்கறை அது. அறுவடைப் பரிசோதனையிலும் சர்வே எண்ணைக் குலுக்கல் எண்களே தேர்ந்தெடுக்கின்றன. வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாக்கில் இத்தனை அடிவைப்பு, அகலவாக்கில் இத்தனை என்பதையும் அவையே சொல்கின்றன. அலுவலருக்கு நல்ல கதிர் கண்ணில் படும், விவசாயிக்கு நொந்த கதிர் கண்ணில் படும். இருவர் கண்ணையும் கட்டத்தான் அந்த எண்கள்.

ஒவ்வொரு பிள்ளையாக வந்து ஒரு சீட்டை எடுத்துக் குறித்துத் திரும்பப் போட்டு, இப்படி நான்கு எடுத்துச் சராசரி போட்டு, சுவரில் ஒட்டிய தாளில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நாற்பது புள்ளிகள் சேர்ந்ததும் பாருங்கள். ஒரே குடம், ஒரே ஊர். ஆனால் ஒருவருக்கு எட்டரை, ஒருவருக்குப் பதினொன்றே முக்கால். அந்தப் புள்ளிக் குவியலின் அகலம்தான் நிச்சயமின்மை. கையால் தொட்டுக் காட்டலாம். அடுத்த நாள் நான்குக்குப் பதில் பதினாறு சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். குவியல் ஒடுங்கும், ஏறக்குறையப் பாதியாக. அகலம் பாதியாக வேண்டுமானால் கூறு நான்கு மடங்காக வேண்டும் என்பதைச் சூத்திரமாகச் சொன்னால் மறந்துபோகும். பன்னிரண்டு சீட்டுக் கூடுதலாக எடுத்துக் கூட்டிக் கைவலித்த பிள்ளை மறக்காது. எல்லா ஊரிலும் பதினாறு சதுரம் அறுக்க ஏன் ஆள் போடவில்லை என்று அப்போது கேள்வி வரும். அதற்குச் செலவு என்று ஒரு பதில் இருக்கிறது, ஒரே பருவத்தில் ஊரெல்லாம் அறுவடை என்று இன்னொரு பதில் இருக்கிறது. இரண்டையும் சொல்லுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கூறைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடக் கூடாது. சில பிழைகள் எத்தனை முறை அளந்தாலும் போகாது. இந்த வேறுபாட்டை நம் நாட்டு நெல் வயல்கள்தான் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தன என்று நான் பெருமையோடு சொல்வேன். ஹப்பாக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1920களில் பீகார், ஒரிசா நெல் வயல்களில் சிறிய முக்கோணச் சட்டத்தை வைத்து மாதிரி அறுவடை செய்து, 1927இல் அறிக்கை எழுதினார். இங்கிலாந்தில் இருந்த புள்ளியியலாளர் ஃபிஷர் அதைப் பாராட்டினார். பிறகு புள்ளியியலாளர் மகலனோபிஸ் வங்காளத்தில் சிறு வட்டங்களை வைத்துப் பெரிய அளவில் செய்தார். 1940களில் சுகாத்மே என்ற இன்னொரு புள்ளியியலாளர், சிறிய துண்டுகளில் அறுத்தால் விளைச்சல் கூடுதலாகவே வருகிறது என்று காட்டினார். மகலனோபிஸுக்கும் அவருக்கும் இடையே கடுமையான வாதம் நடந்தது. இன்றும் மேற்கு வங்கத்தில் வட்டம், உத்தரப் பிரதேசத்தில் முக்கோணம், நம்மிடம் ஐந்துக்கு ஐந்து சதுரம்.

சிறிய துண்டு ஏன் ஏமாற்றுகிறது? சட்டத்தின் விளிம்பில் ஒரு குத்து பாதி உள்ளே பாதி வெளியே நிற்கிறது. கதிர் முற்றியிருக்கிறது, கை தானாக அதையும் சேர்த்து அறுத்துவிடும். விளிம்பைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் மட்டும் கூடுதலாக அறுத்ததாகக் கொள்ளுங்கள். ஒரு மீட்டர் சதுரம் 1.1 மீட்டர் சதுரமாகிவிடும், பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். அதே கை ஐந்து மீட்டர் சதுரத்தில் அதே ஐந்து சென்டிமீட்டர் தப்பினால் கூடுவது நான்கு சதவீதம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடப் போடக்கூடிய கணக்கு. ஆயிரம் சிறு சதுரங்கள் அறுத்தாலும் அந்த 21 சதவீதம் அப்படியே நிற்கும். ஆட்டம் வேறு, சாய்வு வேறு. பள்ளி மைதானத்தின் புல்லில் ஒரு மீட்டர் கயிற்றுச் சட்டத்தைப் போட்டு, மூன்று பிள்ளைகளை விளிம்புச் செடிகளை எண்ணச் சொன்னாலே போதும். மூவருக்கும் மூன்று எண்ணிக்கை வரும்.

சாய்வு என்றதும் எனக்கு ஒரு பழைய காட்சி நினைவுக்கு வருகிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் ஒரு கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவைத்துக் காத்திருந்தார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். குவியலின் அடியில் கைவிட்டு எடுத்த நெல்லை மீட்டரில் போட்டார்கள், 18ஐத் தாண்டியது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெயில் பட்ட மேற்புறத்து நெல்லை அவர் கெஞ்சிப் போட்டுப் பார்க்கச் சொன்னபோது பதினாறரைக்குப் பக்கமாக நின்றது. ஒரே குவியல், ஒரே மீட்டர். இரண்டு நாள் ரோட்டில் காயப்போட்டு, இரவில் பனிக்கு மூடி, கூலி கொடுத்து, பிறகு விற்றார். எந்த எண் உண்மை என்று அன்றைக்கு என்னைக் கேட்டார். இரண்டும் உண்மை, இரண்டும் போதாது என்றேன். அவருக்கு அந்தப் பதில் உதவவில்லை. ஐந்து இடத்தில் கைவிட்டு எடுத்துக் கலந்து போடச் சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது. 16.9க்கும் 17.1க்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் பணம், அந்தப் பக்கம் இரண்டு நாள் கூலி என்று வைக்கும்போது, மீட்டரின் ஆட்டம் எவ்வளவு என்று கேட்பது விவசாயியின் உரிமை. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளை ஊருக்கு ஒன்றாவது வேண்டும். உங்கள் ஊரில் யாரிடமாவது ஈரப்பத மீட்டர் இருந்தால் ஒரு மணி நேரம் இரவல் வாங்குங்கள். ஒரே பிடி நெல்லை ஐந்து முறை போட்டுப் பார்த்தால் கருவியின் ஆட்டம் தெரியும். ஐந்து இடத்து நெல்லை ஒவ்வொரு முறை போட்டால் குவியலின் ஆட்டமும் சேர்ந்து தெரியும். இரண்டும் வேறுவேறு என்று பிரித்துப் பார்ப்பதே ஒரு முழு வகுப்புக்கான வேலை.

காலத்தோடு ஓடும் எண்களுக்கு மேட்டூரைப் பிடியுங்கள். அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12 என்று டெல்டாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அணை திறந்த உண்மையான தேதிகளைப் பிள்ளைகள் வரிசையாகப் பார்த்திருக்க மாட்டார்கள். 2011இல் ஜூன் 6. 2012இல் செப்டம்பர் 17. பிறகு ஆகஸ்ட் 2, ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 9. 2016இல் செப்டம்பர் 20, 2017இல் அக்டோபர் 2. 2018இல் ஜூலை 19, 2019இல் ஆகஸ்ட் 13. 2020, 2021 இரண்டிலும் ஜூன் 12. 2022இல் மே 24. 2023இல் மறுபடி ஜூன் 12, 2024இல் ஜூலை 28, 2025இல் ஜூன் 12.

இந்தப் பதினைந்து தேதிகளுக்குச் சராசரி போடச் சொல்லுங்கள். ஜூன் 12க்கு ஏறத்தாழ 40 நாள் தள்ளி, ஜூலை 22 வரும். அந்த ஜூலை 22இல் பதினைந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட அணை திறக்கவில்லை. அந்தச் சராசரியை நம்பி நாற்றங்கால் போடுகிறவர் பாதிக்கு மேற்பட்ட ஆண்டுகளில் ஏமாறுவார். இடைநிலை அளவு ஜூலை 28. அதுவும் அதிகம் உதவாது. குறுவைக்காரருக்கு வேண்டிய கேள்வி வேறு: ஜூன் 12க்குள் தண்ணீர் வந்தது எத்தனை முறை? பதினைந்தில் ஆறு. பம்புசெட் இருக்கிறவருக்கு அந்த ஆறு போதும், நாற்றைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்புகிறவருக்கு அது போதாது, ஒரே போகச் சம்பாவோடு நிற்பதைப் பற்றி அவர் யோசிக்க வேண்டும். ஒரே நிகழ்தகவு, இரண்டு குடும்பங்கள், இரண்டு சரியான முடிவுகள். இதை வகுப்பில் வாதமாகவே நடத்துங்கள். இருபது பிள்ளைகள் பம்புசெட் வீடு, இருபது பிள்ளைகள் ஆற்றுப் பாசன வீடு.

கூர்மையான பிள்ளை ஒன்று வரிசையைப் பார்த்து, "தப்பின வருசமெல்லாம் ஒண்ணா சேந்து இருக்கே" என்னும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து தப்பியிருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் தனித்தனிக் காசு சுண்டல்போல, தப்பும் வாய்ப்பு 0.6 என்றால், குறிப்பிட்ட எட்டு ஆண்டுகள் தொடர்ந்து தப்ப நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. பதினைந்து ஆண்டுகளுக்குள் எங்கேனும் அப்படி எட்டு சேர்வதற்கு நூற்றுக்கு ஆறு. ஆண்டுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்ற எண்ணத்தைச் சந்தேகிக்க இது போதும். அணையில் மீந்த நீர் அடுத்த ஆண்டுக்குச் செல்கிறது, வறட்சியும் சில ஆண்டுகள் சேர்ந்தே வருகிறது. காசு சுண்டுவதை இங்கே கொண்டுவாருங்கள், எங்கே பொருந்தாது என்று காட்டுவதற்காக.

மேல்நிலை வகுப்புக்கு இன்னொன்று. காவிரி நடுவர் மன்றம் 2007இல் இறுதித் தீர்ப்புச் சொன்னபோது நதியின் மொத்த நீரை 740 டி.எம்.சி. என்று எடுத்துக்கொண்டது. செய்தித்தாள்களில் அந்த எண் மட்டும் வந்தது. அதன் வால் பலருக்குத் தெரியாது: 50 சதவீத நம்பகத்தன்மையில் 740. அதாவது ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஓர் ஆண்டு அவ்வளவு நீர் இருக்காது. இத்தனை வழக்கும் போராட்டமும் மூண்டது பற்றாக்குறை ஆண்டுகளில்தான், அந்த ஆண்டுகள் இந்த 50 சதவீதத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. 2018இல் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டியதை 192லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்ததும் சாதாரண ஆண்டுக்கான கணக்கே. எண்ணைக் கேட்டதும் அதன் வாலையும் கேட்கிற பழக்கம் வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்ல, இதைவிடப் பெரிய உதாரணம் நம் மண்ணில் இல்லை.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் செய்ய ஒரு நீண்ட பயிற்சி சொல்கிறேன். அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை 92 நாட்கள். ஒவ்வொரு மாலையும் பிள்ளைகள் "நாளை நம் பள்ளி வளாகத்தில் மழை பெய்ய எத்தனை சதவீத வாய்ப்பு?" என்று நோட்டில் ஓர் எண் எழுத வேண்டும். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வழக்கப்படி 2.5 மில்லிமீட்டர் பெய்தால் மழை நாள். நேரான சுவருள்ள ஒரு டப்பாவும் ஒரு ஸ்கேலும் போதும். மறுநாள் மதிப்பெண்: மழை பெய்தால் 1, பெய்யாவிட்டால் 0, அதிலிருந்து தாங்கள் எழுதியதைக் கழித்து வர்க்கப்படுத்துங்கள். 70 சதவீதம் எழுதி மழை பெய்தால் 0.09, பெய்யாவிட்டால் 0.49. நூறு என்று அடித்துச் சொல்லிப் பொய்த்தால் 1. எப்போதும் 50 என்று எழுதித் தப்பிக்கிறவருக்குத் தினமும் 0.25. குறைவாகச் சேர்த்தவர் வென்றார். 1950இல் அமெரிக்க வானிலையாளர் ப்ரையர் வகுத்த முறை இது. இதில் வீராப்பாக அடித்துச் சொல்கிறவரும் தோற்பார், எதையும் சொல்லாமல் நடுவில் நிற்கிறவரும் தோற்பார். தெரிந்த அளவுக்கு மட்டும் துணிகிறவருக்கே பலன். இடையில் வானொலியில் 'ஓரிரு இடங்களில் மழை' என்று கேட்டால், அந்தப் பகுதியின் மழைமானிகளில் கால் பங்குக்கு மேல் நனையாது என்பதே அதன் பொருள் என்று சொல்லுங்கள். "ரேடியோவுல மழைன்னாங்க, இங்க ஒரு துளி இல்ல" என்ற புலம்பல் வகுப்பில் குறையும்.

உங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கஜா புயல் வீட்டுக் கதை. 2018 நவம்பரில் அது கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரை கடக்கும் என்று முன்னறிவிப்பு வந்தது. 16ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்தது. முன்னறிவிப்புப் படத்தில் வரைகிற கூம்பு, புயலின் மையம் எங்கெல்லாம் போகக்கூடும் என்பதைத்தான் காட்டுகிறது, காற்று அடிக்கும் அகலத்தை அல்ல. கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஒரத்தநாட்டுத் தென்னந்தோப்புகள் அன்று விழுந்ததைப் பார்த்த பெரியவர்களை வகுப்புக்கு அழைத்துப் பேச வையுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. இதையெல்லாம் நடத்திய இரண்டு மாதத்தில் சில பிள்ளைகள், "எல்லாம் உத்தேசம்தானே டீச்சர், எதையும் நம்ப முடியாது" என்று சொல்லத் தொடங்கும். நான் கல்லூரியில் இதைப் பலமுறை சந்தித்தேன், ஆரம்ப காலத்தில் சரியாகக் கையாளவில்லை. அப்படிச் சொல்லும் பிள்ளையைச் சுவரில் ஒட்டிய புள்ளிகளுக்கு முன்னால் நிறுத்துங்கள். பதினாறு சீட்டில் ஒருவருக்காவது நான்கு மூட்டை என்று சராசரி வந்ததா? இருபது வந்ததா? இல்லை. எது நடக்காது என்பது நமக்கு நன்றாகவே தெரியும், எந்த இடைவெளிக்குள் இருக்கும் என்பதும் தெரியும். தெரியாதது அந்த இடைவெளிக்குள்தான். தாத்தா "முன்னப்பின்ன" என்று சொன்னதால் அவர் பத்து மூட்டையை நம்பவில்லை என்று ஆகாது. அவர் அதை நம்பித்தான் சாக்கு வாங்குகிறார், அறுவடை எந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கிறார்.

மதிப்பெண்ணையும் கொஞ்சம் மாற்றுங்கள். பொதுத்தேர்வை நாம் மாற்ற முடியாது. உங்கள் வகுப்புத் தேர்வு உங்கள் கையில். திட்ட விலக்கம் கேட்கும் ஐந்து மதிப்பெண் கேள்வியில் ஒரு மதிப்பெண்ணை, "இதை வைத்து இந்த விவசாயி என்ன முடிவெடுக்கலாம்?" என்ற ஒரு வரிக்கு ஒதுக்குங்கள். கிலோவில் அளந்த நெல்லுக்கு 11.6000 என்று எழுதினால் அரை மதிப்பெண் குறையுங்கள், ஏன் குறைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.

தை பிறந்தால் உங்கள் ஊரில் சம்பா அறுவடை. பயிர் அறுவடைப் பரிசோதனை எந்தச் சர்வே எண்ணில், எந்த நாளில் என்று கிராம நிர்வாக அலுவலரிடமோ வேளாண்மை அலுவலகத்திலோ மார்கழியிலேயே விசாரித்து வையுங்கள். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, பத்துப் பிள்ளைகளையாவது வரப்புக்கு அழைத்துப் போங்கள். அலுவலர் கயிறு கட்டுவதற்கு முன், ஒவ்வொரு பிள்ளையும் அந்தச் சதுரத்தில் எத்தனை கிலோ காணும் என்று கீழ் எண், மேல் எண் இரண்டையும் நோட்டில் எழுதட்டும். அந்த "விடை டீச்சர்" பெண்ணை மறக்காமல் கூட்டிப்போங்கள். தராசு நின்றதும் அவள் நோட்டைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.